சேப்பாக்கத்தில் தோற்ற அந்த ஞாயிற்றுக்கிழமையும், நீங்கள் கண்ட மறக்க முடியாத ஆட்டங்களும்

திருவல்லிக்கேணிவாசி எழுதியது:

நாற்பது ஆண்டுகளாகக் கிரிக்கெட் பார்த்து வருகிறேன். 2011 இல் உலகக் கோப்பையை வென்ற இரவில் தெருவில் இறங்கி, முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்துக் கொண்டாடியிருக்கிறேன். ஆனாலும் இதுவரை பார்த்ததிலேயே மறக்க முடியாத ஆட்டம் எது என்று கேட்டால், நாம் 12 ரன்களில் தோற்ற ஓர் ஆட்டத்தைத்தான் சொல்வேன். 1999 ஜனவரி 28 இல் தொடங்கி 31 ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை முடிந்த இந்தியா பாகிஸ்தான் சென்னை டெஸ்ட்தான் அது.

பாகிஸ்தான் அணி டெஸ்ட் ஆட இந்தியாவுக்கு வந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்கள் வரக் கூடாது என்று சொல்லித் தில்லி ஃபிரோஸ் ஷா கோட்லா மைதானத்தின் பிட்சையே சிலர் தோண்டிப் போட்டுவிட்டதால், முதல் டெஸ்ட் சென்னைக்கு மாறியது. வாலாஜா சாலை முழுவதும் காவலர்கள் நின்றார்கள். அப்பாவும் நானும் நான்கு நாளும் வீட்டிலிருந்து நடந்தே போனோம். அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரை ஒரு பையில், அப்பாவின் டிரான்சிஸ்டர் இன்னொரு பையில். பழைய சேப்பாக்கத்தை அறிந்தவர்களுக்கு அந்தத் தூண்கள் நினைவிருக்கும். எங்கள் இருக்கைக்கு நேர் முன்னால் ஒரு தூண். தலையை இடப்பக்கம் சாய்த்தால் பந்து வீசுபவர் தெரிவார், வலப்பக்கம் சாய்த்தால் மட்டை பிடிப்பவர் தெரிவார். நான்கு நாளும் தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தோம்.

ஆட்டத்தின் போக்கு பலருக்கும் தெரிந்ததுதான். முதல் இன்னிங்ஸில் பாகிஸ்தான் 238, நாம் 254. இரண்டாவது இன்னிங்ஸில் அஃப்ரிடி 141 அடித்து ஆட்டத்தை எங்கோ கொண்டுபோய்க்கொண்டிருந்த நேரத்தில், வெங்கடேஷ் பிரசாத் ஒரு ரன் கூடக் கொடுக்காமல் வரிசையாக ஐந்து விக்கெட்டுகளைச் சாய்த்தார். 286 இல் அவர்கள் சுருண்டார்கள். நமக்கு இலக்கு 271. மூன்றாம் நாள் மாலையே வக்கார் யூனிஸ் ரமேஷையும் லக்ஷ்மணையும் வீழ்த்திவிட்டார். நான்காம் நாள் திராவிட், அசாருதீன், கங்குலி மூவரும் போய் 82 க்கு 5 என்று ஆனபோது, எங்களுக்கு முன்வரிசையில் இருந்த ஒரு குடும்பம் பாத்திரங்களை எடுத்து வைக்கத் தொடங்கியது. சச்சின் நிற்கிறாரே என்று யாரோ சொன்னதும் அந்த அம்மாள் மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகு சச்சினும் நயன் மோங்கியாவும் சேர்ந்து 136 ரன் எடுத்தார்கள். சச்சினுக்கு முதுகுவலி. ஒவ்வொரு ஓவர் முடிவிலும் இடுப்பில் கை வைத்துப் பின்னால் வளைந்து நிற்பார். அவர் வளையும்போதெல்லாம் எங்கள் வரிசையில் பேச்சு நின்றுவிடும். 52 ரன் எடுத்த மோங்கியா வாசிம் அக்ரமின் பந்தைத் தூக்கி அடித்து வெளியேறினார். சக்லைன் முஷ்டாக்கின் பந்துகளைச் சச்சின் பவுண்டரிக்கு விரட்ட விரட்ட, வெற்றி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. இன்னும் 17 ரன் தேவை, கையில் நான்கு விக்கெட். சக்லைனை மறுபடியும் தூக்கி அடித்தார். பந்து நேராக மேலே போனது. நான் தூணுக்கு இடப்பக்கம் சாய்ந்திருந்ததால் எனக்குப் பந்து தெரியவில்லை, அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த வாசிம் அக்ரம் மட்டும்தான் தெரிந்தார்.

136 ரன். 273 பந்து. மீதமிருந்த மூன்று விக்கெட்டுகளும் நான்கு ரன்னுக்குள் விழுந்தன. கடைசியாக ஸ்ரீநாத் தடுத்த பந்து காலடியில் சுழன்று மெதுவாகப் பின்னால் உருண்டு போய் ஸ்டம்பில் பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை விட்டு நீங்கவில்லை. நிறைந்திருந்த அரங்கில் முதலில் சத்தமே இல்லை. பின்னர் கைதட்டல் எழுந்தது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தபோது, சேப்பாக்கம் எழுந்து நின்று அவர்களுக்குக் கைதட்டியது. அன்று தோற்ற ஊர் அப்படி நடந்துகொண்டதை நேரில் பார்த்தவன் என்பதில் எனக்கு எந்த வெற்றியும் தராத பெருமை உண்டு.

நீங்கள் கண்டவற்றையும் எழுதுங்கள். வென்றதா தோற்றதா என்பது பொருட்டில்லை. அன்று உங்களைச் சுற்றி இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் மகிழ்வேன்.


பழைய ஸ்கோரர் எழுதியது:

நல்ல தொடக்கம், தம்பி. நான் உங்களைவிட ஒரு தலைமுறை மூத்தவன் என்பதால் 1975 பொங்கல் டெஸ்டிலிருந்து தொடங்குகிறேன். அப்போது கல்லூரி மாணவன். கோடு போடாத நோட்டில் நானே கட்டம் கிழித்து, ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் குறிப்பது என் வழக்கம். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

கிளைவ் லாயிடின் மேற்கிந்திய அணி முதல் இரண்டு டெஸ்டுகளை வென்றிருந்தது. கல்கத்தாவில் நாம் ஒன்றை வென்று சென்னைக்கு வந்தோம். பட்டோடி தலைவர். முதல் நாள் ஆண்டி ராபர்ட்ஸ் வீசிய வேகத்தை இன்றைய தொலைக்காட்சித் திரையில் வரும் எண்களை வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. பந்து கீப்பரின் கையுறையில் விழும் ஓசை அரங்கின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. ஒவ்வொருவராக வந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் போகவில்லை. ஜி. ஆர். விஸ்வநாத்.

அவர் உயரம் குறைந்தவர். மார்புக்கு எழும்பும் பந்தை நுனிக்காலில் ஏறி நின்று, மணிக்கட்டைத் திருப்பி, ஸ்கொயர் கட் அடிப்பார். பந்து புல்லைத் தொட்டுக்கொண்டு எல்லைக்கு ஓடும். அந்த அடியைக் குறிக்க என் நோட்டில் தனியாக ஒரு அடையாளம் வைத்திருந்தேன். கடைசியில் பேடியும் சந்திரசேகரும் தங்களால் இயன்ற வரை தாக்குப்பிடித்தார்கள். சந்திரசேகர் மட்டையோடு நடந்து வந்தாலே சிரிக்கும் கூட்டம், அன்று அவர் தடுத்த ஒவ்வொரு பந்துக்கும் சதம் அடித்தவருக்குத் தட்டுவது போலக் கைதட்டியது. ஆனால் சந்திரசேகர் ஆட்டமிழந்தபோது விஸ்வநாத் 97 இல் நின்றார். அணியின் மொத்தம் 190. ராபர்ட்ஸுக்கு 7 விக்கெட்.

சதத்துக்கு மூன்று ரன் குறைந்தது என்று வருந்தியபடி அன்று வீடு திரும்பினேன். பின்னர் பிரசன்னாவும் மற்றச் சுழல் பந்து வீச்சாளர்களும் எதிரணியை இரண்டு முறையும் 200 க்குள் மடக்க, நாம் 100 ரன் வித்தியாசத்தில் வென்று தொடரைச் சமன் செய்தோம். அப்போதுதான் அந்த 97 இன் பெறுமதி புரிந்தது. அதன் பிறகு எத்தனையோ இரட்டைச் சதங்களை நோட்டில் எழுதிவிட்டேன். எதை எழுதும்போதும் கை அப்படி நடுங்கியதில்லை.


ஆஃப் ஸ்பின் ரசிகன் எழுதியது:

இருவரின் பதிவுகளையும் விரும்பிப் படித்தேன். இருந்தாலும் திருவல்லிக்கேணிவாசி அவர்களிடம் எனக்கு ஒரு மாறுபாடு இருக்கிறது. தோல்விக்கு ஓர் அழகு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளையாட்டு வெல்வதற்காகவே ஆடப்படுகிறது. அதே மைதானத்தில் இரண்டே ஆண்டுகள் கழித்து, 2001 மார்ச்சில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆடிய டெஸ்டை, ஆட்டம் என்ற அளவில் நான் அதற்கு மேலே வைப்பேன்.

கொல்கத்தாவில் லக்ஷ்மணின் 281 க்குப் பிறகு தொடர் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. சென்னையில் மேத்யூ ஹேடன் 203 அடித்தார். 340 க்கு 3 என்று இருந்த ஆஸ்திரேலியா 391 இல் முடிந்ததற்குக் காரணம் ஹர்பஜன் சிங். அந்தச் சரிவு, ஸ்டீவ் வா பந்தைக் கையால் தள்ளி ஆட்டமிழந்ததில்தான் தொடங்கியது. ஹர்பஜன் முதல் இன்னிங்ஸில் 7, இரண்டாவதில் 8 என்று ஒரே டெஸ்டில் 15 விக்கெட் எடுத்தார். நானும் தெருவில் ஆஃப் ஸ்பின் வீசியவன் என்பதால் அவர் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டாபிராமன் கேட் பக்கத்தில் எனக்கு இடம். பந்து கையை விட்டுப் புறப்பட்டதும் அது மேலே நிற்கும் அந்தக் கால் நொடியில், ஹேடனைத் தவிர எந்த மட்டையாளரும் எங்கே கால் வைப்பது என்று தெளிவாக இல்லை. பந்து வீச்சில் அதைவிட நிறைவான காட்சியை நான் பார்த்ததில்லை.

கடைசி நாள் இலக்கு 155 தான். எளிதாக முடிய வேண்டிய ஆட்டம். லக்ஷ்மண் 66 இல் இருந்தபோது காலின் மில்லரின் பந்தை மிட் விக்கெட் பக்கம் அடித்தார். மார்க் வா பாய்ந்து பிடித்த அந்தக் கேட்சைக் கண்டு எங்கள் கேலரியில் பலர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். தன் முதல் டெஸ்டில் ஆடிய சமீர் திகே நின்றார். நான்கு ரன் தேவை என்ற நிலையில் ஜாகிர் கானும் போனதும், வந்தவர் அதே ஹர்பஜன். மெக்ராத் வீசிய பந்தை பாயிண்ட் பக்கம் தள்ளிவிட்டு ஓடினார். இரண்டு ரன். எட்டு விக்கெட் போயும் நாம் வென்றோம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். 1999 பற்றிப் பேசும் அனைவரும் அரங்கு முழுவதும் ஒரே மனதாக எழுந்து நின்றது என்கிறார்கள். சச்சின் அந்தப் பந்தை அப்படி அடித்திருக்க வேண்டுமா என்ற கோபம் அன்று யாருக்குமே வரவில்லையா? உங்கள் வரிசையில் உண்மையாகவே என்ன நடந்தது என்று எழுதுவீர்களா?


செங்கல்பட்டுப் பயணி எழுதியது:

அந்தக் கேள்விக்கு உரியவர் விடை சொல்லட்டும். அதற்குள் நான் பாதி பார்த்த ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன்.

1986 செப்டம்பர், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான சேப்பாக்கம் டெஸ்ட். டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் ஒரே ஒரு முறைதான், 1960 இல் பிரிஸ்பேனில், இரு அணிகளின் ரன்னும் ஒன்றாகி ஆட்டம் சமனில் (டை) முடிந்திருந்தது. வெயில் அப்படி ஒரு வெயில். டீன் ஜோன்ஸ் 210 அடித்தபோது களத்திலேயே வாந்தி எடுத்தார், பிறகு அவரை மருத்துவமனைக்கே கொண்டு போனார்கள். அதே வெயிலில் கிரெக் மேத்யூஸ் தொப்பியும் ஸ்வெட்டரும் அணிந்து பந்து வீசினார். அந்த ஸ்வெட்டரைப் பார்த்தே எனக்கு வியர்த்தது. அவருக்கு இரு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட். நம் பக்கம் கபில்தேவ் முதல் இன்னிங்ஸில் அடித்த 119 இல்லையென்றால் ஐந்தாம் நாளுக்கு வேலையே இருந்திருக்காது.

கடைசி நாள் நமக்கு 348 இலக்கு. கவாஸ்கர் 90 எடுத்தார். ஆட்டம் டிராவில்தான் முடியும் என்று என்னோடு வந்த நண்பர்கள் சொன்னார்கள். மறுநாள் காலை எனக்கு வேலைக்கான நேர்காணல் இருந்தது. சட்டை இஸ்திரி போட வேண்டும், சான்றிதழ்களை அடுக்க வேண்டும். மாலையில் எழுந்து எழும்பூருக்கு நடந்து ரயில் ஏறினேன். தாம்பரம் தாண்டியதும், எதிரே இருந்தவர் காதில் வைத்திருந்த டிரான்சிஸ்டரில் சத்தம் மாறியது. கடைசி ஓவர். நான்கு ரன் தேவை. ரவி சாஸ்திரி இரண்டு ரன் எடுத்தார், பிறகு ஒன்று எடுத்தார். ஸ்கோர் சமம். ஐந்தாம் பந்தில் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ என்று நடுவர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கினார். பெட்டியில் யாருக்கும் யார் வென்றார்கள் என்று புரியவில்லை. சமன் என்று அறிவிப்பாளர் மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

வேலை கிடைத்தது. அந்த வேலையில்தான் ஓய்வும் பெற்றேன். ஆனாலும் மணிந்தர் மட்டையில் பந்து பட்டதா இல்லையா என்ற பேச்சு எங்கே எழுந்தாலும், அங்கே இருந்திருக்க வேண்டியவன் நான் என்ற எண்ணம் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது.


கோண்டாவிலான் எழுதியது:

வணக்கம். நீங்கள் எல்லோரும் நேரில் கண்ட ஆட்டங்களை எழுதுகிறீர்கள். நான் எழுத இருப்பது கண்ணால் காணாத ஓர் ஆட்டம். இங்கே அதற்கு இடமில்லை என்று நினைத்தால் சொல்லுங்கள்.

1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்களோடு மக்களாக நாங்களும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனோம். 1996 மார்ச் 17 ஆம் திகதி, லாகூரில் உலகக் கிண்ணத் துடுப்பாட்ட இறுதிப் போட்டி நடந்த அன்று, ஒரு வீட்டு வளவில் மூன்று குடும்பங்களாக இருந்தோம். மின்சாரம் இல்லை. பற்றறி வாங்க வழியில்லை. ஒரு சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின் சில்லோடு டைனமோவைப் பொருத்தி, அதிலிருந்து வயர் இழுத்து வானொலியோடு இணைத்திருந்தோம். பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றும் வேகம் குறைந்தால் குரல் மங்கும், நின்றால் வானொலியும் நின்றுவிடும். பெடியள் எல்லோரும் முறை வைத்துச் சுற்றினோம். வர்ணனை ஆங்கிலத்தில் வந்தது. எங்களோடு இருந்த ஓர் ஆசிரியர் அதைக் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னார்.

அவுஸ்திரேலியா 241 ஓட்டங்கள். இலங்கை 23 ஓட்டங்களுக்கு இரண்டு இலக்குகளை (நீங்கள் சொல்லும் விக்கெட்டுகளை) இழந்தது. அதன் பின்னர் அரவிந்த டி சில்வா வந்தார். மூன்று இலக்குகளை வீழ்த்தி, இரண்டு பிடிகளையும் எடுத்தவர், துடுப்பெடுத்து ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களையும் பெற்றார். உலகக் கிண்ண இறுதியில் ஒருவர் தனித்து நின்று இவ்வளவு செய்ததை நான் அதன் பின் கேட்கவில்லை.

நாங்கள் எல்லோரும் காது கொடுத்தது அதற்காக மட்டுமல்ல. முரளிதரன் அந்த அணியில் இருந்தார். பதினொருவரில் அவர் ஒருவர்தான் தமிழர். மூன்று மாதம் முன்னர்தான் மெல்பேணில், நத்தாருக்கு அடுத்த நாள், அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் முறையற்ற பந்து என அறிவித்துக்கொண்டே இருந்தார். அன்று லாகூரில் அதே அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் பந்து வீச வந்தபோது, பெடல் சுற்றியவன் தன் முறை முடிந்தும் எழும்பவில்லை.

அந்த வெற்றியை நாங்கள் கொண்டாடலாமா என்று அங்கேயே ஒருவர் கேட்டார். வீட்டை விட்டு வந்திருக்கிறோம், வானத்தில் எந்த நேரத்திலும் விமானம் வரலாம், அந்த நாட்டின் பெயரால் ஆடும் அணியின் வெற்றி எங்களுடையதா என்று கேட்டார். யாரும் மறுமொழி சொல்லவில்லை. ஆனால் பெடல் சுற்றுவதையும் யாரும் நிறுத்தவில்லை. ரணதுங்க மெக்ராத்தின் பந்தைத் தட்டிவிட்டு வெற்றி ஓட்டத்தைப் பெற்றார் என்று ஆசிரியர் சொன்னபோது, கைதட்ட வேண்டும் போல இருந்தும் சத்தம் போடாமல் இருந்தோம். கேள்வி கேட்டவர்தான் முதலில் சிரித்தார்.


திருவல்லிக்கேணிவாசி எழுதியது:

கோண்டாவிலான் அவர்களே, உங்கள் ஆட்டத்துக்கு இங்கே இடமில்லை என்றால் வேறு எதற்கும் இடமில்லை. கையால் சுற்றிச் சுற்றிக் கேட்ட ஆட்டத்தைவிட நெருக்கமாக யார் எந்த ஆட்டத்தைப் பார்த்திருக்க முடியும்? இருபது, முப்பது ஓவர்கள் தாண்டியும் கை ஓயாமல் இருந்ததே, அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எங்கள் பக்கத்திலும் வானொலி வர்ணனையில் வளர்ந்தவர்கள் ஏராளம். சேப்பாக்கத்திலிருந்து அப்துல் ஜப்பார் தமிழில் வர்ணிக்கும்போது, மைதானத்திலேயே உட்கார்ந்துகொண்டும் அவர் குரலுக்காக டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டவர் என் அப்பா. கண் பார்த்ததை அந்தக் குரல் உறுதிசெய்தால்தான் அவருக்கு நிறைவு.

ஆஃப் ஸ்பின் ரசிகன் கேட்டதற்கு விரிவாக விடை எழுதுகிறேன். இரவு வரை பொறுக்க வேண்டும்.


மாம்பலவாசி எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதுவதற்கு முன் நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆட்டத்தின் மிச்சம் என்னிடம் இருக்கிறது.

1999 இல் எனக்குப் பத்து வயது. தொலைக்காட்சியில் பார்த்தேன். சச்சின் ஆட்டமிழந்ததும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன், கடைசி மூன்று விக்கெட்டையும் நான் பார்க்கவில்லை. ஆட்ட நாயகன் விருதை வாங்கிக்கொள்ளக்கூடச் சச்சின் வரவில்லை என்று அண்ணன் வந்து சொன்னபோது, அவரும் எங்கோ கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டேன்.

2008 டிசம்பரில் இங்கிலாந்து டெஸ்ட் சென்னையில் நடந்தது. மும்பைத் தாக்குதல் நடந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. நாடு திரும்பிவிட்ட இங்கிலாந்து அணி மறுபடி வந்ததே பெரிய செய்தி. நுழைவாயிலில் சோதனை முடித்து உள்ளே போக ஒரு மணி நேரம் ஆனது. முன்பெல்லாம் முணுமுணுக்கும் கூட்டம் அன்று அமைதியாகப் பையைத் திறந்து காட்டியது. ஸ்ட்ராஸ் இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார். நமக்கு 387 இலக்கு. சேவாக் நான்காம் நாள் மாலை 68 பந்தில் 83 அடித்து, துரத்தலாம் என்ற எண்ணத்தை எல்லோர் மனதிலும் போட்டுவிட்டார்.

கடைசி நாள் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் என் தோழியும் போனோம். சச்சின் நிற்கிறார், எதிரே யுவராஜ். ரன் குறையக் குறைய எனக்குக் கை சில்லிட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், இலக்கு 20 க்கு வந்ததும், 17 ஐத் தாண்டட்டும், அதற்குப் பிறகு பேசலாம் என்று சொன்னார். சொல்லிவிட்டு வேட்டி நுனியைக் கையில் சுற்றிக்கொண்டார். எந்த 17 என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் வரிசையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 16 என்று ஆனதும் அவர் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

ஸ்வானின் பந்தைச் சச்சின் காலுக்குப் பின்னால் மடக்கி அடித்தார். அந்த ஒரே பவுண்டரியில் அவருடைய சதமும் அணியின் வெற்றியும் வந்தன. யுவராஜ் ஓடி வந்து அவரைத் தூக்கினார். அந்தச் சதத்தை மும்பை மக்களுக்குக் காணிக்கையாக்குவதாகச் சச்சின் சொன்னார். நான் அழுதேன். இந்த முறை அதற்காகக் கட்டிலுக்கு அடியில் போகத் தேவைப்படவில்லை.


பழைய ஸ்கோரர் எழுதியது:

அம்மா, அந்தப் பெரியவர் நானாக இருந்திருக்க வாய்ப்பில்லை, நான் வேட்டி கட்டுவதில்லை. ஆனால் நானும் அன்று நோட்டின் ஓரத்தில் 17 என்று எழுதி வட்டமிட்டு வைத்திருந்தேன்.

சச்சின் அந்தப் பந்தை அடித்திருக்கக் கூடாது என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதுகு பிடித்துக்கொண்ட ஒருவரால் ஒன்று இரண்டாக ஓடி 17 ரன் சேர்க்க முடியாது. எதிர்முனையில் நிற்பவர்கள் தாக்குப்பிடிப்பார்கள் என்ற உறுதியும் இல்லை. அடித்து முடிப்பது என்று அவர் முடிவெடுத்ததில் எனக்குப் பிழை தெரியவில்லை. அடுத்த மூவர் சேர்த்தது நான்கு ரன் என்பதே அவர் கணக்கு சரி என்பதற்குச் சான்று. பந்தை வென்றவர் சக்லைன். அந்த டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்து விக்கெட் எடுத்தவரிடம் தோற்பதில் இழுக்கு இல்லை.


திருவல்லிக்கேணிவாசி எழுதியது:

வாக்களித்தபடி எழுதுகிறேன். ஆஃப் ஸ்பின் ரசிகன் கேட்டது நியாயமான கேள்வி. இத்தனை ஆண்டுகளில் நானே அந்த நிமிடங்களைத் திருப்பித் திருப்பிச் சொல்லி, ஓரங்களை மழித்துவிட்டேனோ என்ற ஐயம் எனக்கும் உண்டு. ஆகவே எங்கள் வரிசையில் நடந்ததை மட்டும், எனக்குத் தெரிந்த அளவில், நடந்த வரிசைப்படியே சொல்கிறேன்.

எல்லோரும் உடனே எழுந்து நின்றார்கள் என்பது உண்மை இல்லை. ஸ்ரீநாத்தின் ஸ்டம்பில் பந்து பட்டதும், எங்களுக்குப் பின்னால் இருந்த இளைஞர்கள் இருவர் கையிலிருந்த தண்ணீர் பாக்கெட்டைத் தரையில் அடித்துவிட்டுப் படிகளில் இறங்கிப் போய்விட்டார்கள். சச்சினைத் திட்டியவர்களும் இருந்தார்கள். எனக்கும் கோபம் இருந்தது. யார் மீது என்று தெரியாத கோபம்.

கைதட்டலை முதலில் தொடங்கியது யார் என்று எனக்குத் தெரியாது. எங்கோ வலப்பக்கத்தில், இரண்டு மூன்று கேலரிகளுக்கு அப்பால் இருந்து, முதலில் மழை ஓட்டில் விழுவது போன்ற மெல்லிய ஓசையாகத்தான் வந்தது. பாகிஸ்தான் வீரர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவர்கள், அந்த ஓசை வந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகுதான் ஓடத் தொடங்கினார்கள். அவர்கள் எந்தக் கேலரியைக் கடக்கிறார்களோ அந்தக் கேலரி எழுந்தது. 1997 இல் இதே மைதானத்தில் சயீத் அன்வர் 194 அடித்தபோதும் இந்த ஊர் அவருக்குக் கைதட்டியிருந்தது. ஆனால் அன்று தட்டியது ஒரு வீரரின் திறமைக்கு. இது நம்மைத் தோற்கடித்த ஓர் அணி முழுவதற்கும்.

நான் எழுந்துவிட்டேன். அப்பா எழவில்லை. மடியில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு, அதை அணைக்காமலும் கேட்காமலும் உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு சொல் கூடப் பேசவில்லை. வீரர்கள் எங்கள் கேலரியை நெருங்கினார்கள். வாசிம் அக்ரம் ஓட்டத்தைக் குறைத்து, எங்கள் பக்கம் பார்த்துக் கையை உயர்த்தினார். நான் குனிந்து அப்பாவைப் பார்த்தேன். அவர் டிரான்சிஸ்டரை என் கையில் கொடுத்தார். இரண்டு கையும் ஒழிந்தால்தானே தட்ட முடியும்.